மறக்கச் சொல்லும் பொத்தான்

வீட்டுக் கணினியில் மின்னஞ்சல் பார்த்து முடித்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். பிரவுசரின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்துவார்கள். லேப்டாப் என்றால் மூடியை மடக்கிவிட்டு எழுந்துபோவார்கள். மறுநாள் காலை திறந்தால் பாஸ்வேர்டு கேட்காமலே இன்பாக்ஸ் வந்து நிற்கும். இரவு முழுக்கக் கணக்கு திறந்துதான் கிடந்தது. ஜன்னலை மூடுவது வேறு, கணக்கைவிட்டு வெளியேறுவது வேறு. இரண்டாவதைச் செய்வதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. 'வெளியேறு', 'சைன் அவுட்', 'லாக் அவுட்' என்று தளத்துக்குத் தளம் பெயர் மாறும். அதை அழுத்தும்போது நம் கணினியில் நடப்பது மிகக் கொஞ்சம். பெரும்பகுதி வேலை எங்கோ தொலைவிலுள்ள சர்வர் ஒன்றில் நடக்கிறது, அல்லது நடக்காமல் போகிறது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியதுதான்.

வெளியேறும் கட்டளை இணையத்தைவிடப் பழையது. 1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ் என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. அதில் உள்ளே வர 'லாகின்', வெளியே போக 'லாகவுட்'. அங்கே வெளியேறுவதன் நோக்கம் ரகசியம் காப்பது மட்டுமல்ல, கணக்கு முடிப்பதும்தான். கணினி நேரம் அன்று ரேஷன் பொருள். ஆராய்ச்சி மாணவர் ஆலன் ஷெர்ருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அது போதாமல் 1962இல் அவர் பாஸ்வேர்டு கோப்பையே அச்சிட்டு எடுத்து, மற்றவர்களின் கணக்கில் நுழைந்து வேலை பார்த்தார். பாஸ்வேர்டு திருட்டின் வரலாறு பணத்தில் தொடங்கவில்லை, கணினி நேரத்தில் தொடங்கியது என்பது எனக்குப் பிடித்த தகவல்.

அந்தக் காலத்து டெர்மினலுக்கும் கணினிக்கும் இடையே ஒரு கம்பி இருந்தது. எதிர்முனையில் யார் இருக்கிறார்கள், எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்பது கணினிக்குத் தெரியும். வலை வந்தபோது இந்த வசதி போய்விட்டது.

சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வடிவமைத்த எச்.டி.டி.பி நெறிமுறைக்கு ஞாபகம் என்பதே கிடையாது. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், சர்வர் கொடுக்கும், அதோடு உறவு முடிந்தது. அடுத்த நொடியே அதே பிரவுசர் இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும் சர்வருக்கு அது முன்பின் தெரியாத ஆள். ஆய்வுக் கட்டுரைகளைப் பகிர்வதற்காக உருவான ஏற்பாட்டுக்கு இது போதும், நல்லதும்கூட. யாரையும் நினைவில் வைக்க வேண்டாம் என்பதால்தான் ஒரு சிறிய சர்வரால் ஆயிரக்கணக்கானோருக்குப் பதில் சொல்ல முடிந்தது. ஆனால் உள்ளே வருவது என்ற கருத்தே இல்லாத இடத்தில் வெளியே போவது மட்டும் எப்படி இருக்கும்?

முதலில் ஒரு ஒட்டுவேலை செய்தார்கள். 1996இல் வெளியான எச்.டி.டி.பி 1.0 ஆவணத்தில் அது பதிவாகியிருக்கிறது. பிரவுசர் ஒரு சிறு பெட்டியைக் காட்டிப் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பிறகு அந்தத் தளத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையோடும் அந்த இரண்டையும் சேர்த்தே அனுப்பிக்கொண்டிருக்கும். இந்த முறையில் வெளியேறுவதற்கு வழியே வைக்கவில்லை. பிரவுசரை முழுவதும் மூடினால்தான் அது பாஸ்வேர்டை மறக்கும். சில பழைய வைஃபை ரூட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் இன்றும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி வரும். அங்கே 'வெளியேறு' என்று தேடினால் பல மாடல்களில் கிடைக்காது.

ஆக, பிரவுசரை மூடினால் வெளியேறியதாகிவிடும் என்ற நம் பழக்கம் மூடநம்பிக்கை அல்ல. ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது.

நிலைமையை மாற்றியவர் லூ மோன்டுல்லி. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருபதுகளில் இருந்த பொறியாளர். இணையக் கடை ஒன்றில் வாங்குபவர் கூடையில் என்னென்ன போட்டார் என்பதைச் சர்வரில் வைக்காமல் வாங்குபவரின் கணினியிலேயே வைக்க முடியுமா என்று ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் கேட்டது. அதற்கு அவர் தந்த விடைதான் குக்கி: சர்வர் ஒரு சிறு எழுத்துத் துணுக்கை அனுப்பும், பிரவுசர் அதைச் சேமித்து, அடுத்த முறை அதே தளத்துக்குப் போகும்போது திருப்பிக் காட்டும். 1994 அக்டோபரில் வெளியான நெட்ஸ்கேப்பின் முதல் சோதனைப் பதிப்பிலேயே குக்கி இருந்தது.

கணக்குக்குள் நுழையும் முறை இதன்மேல்தான் கட்டப்பட்டது. ரயிலடி சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விட்டதும் ஒரு எண் எழுதிய டோக்கன் தருவார்கள்; அதே எண் ஸ்டாண்டுக்காரரின் நோட்டிலும் இருக்கும். மாலையில் வரும்போது உங்கள் பெயரை யாரும் கேட்பதில்லை. டோக்கனை நீட்டினால் வண்டி. நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போனதும் சர்வர் செய்வதும் அதுவே. யாராலும் ஊகிக்க முடியாத ஒரு நீண்ட எண்ணை உருவாக்கி, 'இந்த எண்ணோடு வருபவர் இன்னார்' என்று தன் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். அந்த எண்ணைக் குக்கியாக உங்கள் பிரவுசருக்குத் தரும். அதற்குப் பிறகு பாஸ்வேர்டுக்கு வேலை இல்லை. இந்த எண் பெரும்பாலும் 128 பிட் நீளம் கொண்டது. அதாவது 39 இலக்கங்கள் வரை போகும் எண்ணிக்கையில் ஒன்று. குருட்டாம்போக்கில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வாய்ப்பே இல்லை. ஆனால் தொலைத்தால் தொலைத்ததுதான். யார் கையில் டோக்கன் இருக்கிறதோ அவருக்கே வண்டி.

இப்போது வெளியேறும் பொத்தானுக்கு வருவோம். அதை அழுத்தியதும் பிரவுசரிலிருந்து ஒரு கோரிக்கை போகிறது: இந்த எண்ணை முடித்துவிடு. சர்வர் இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். ஒன்று, தன் பதிவேட்டில் அந்த வரியை அடிக்க வேண்டும். மற்றொன்று, பிரவுசரிலுள்ள குக்கியை அழிக்கச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது வேலையில் ஒரு வேடிக்கை. குக்கி விதிமுறையில் 'அழி' என்று ஒரு கட்டளையே இல்லை. அதனால் சர்வர் அதே குக்கியை மறுபடி அனுப்புகிறது, காலாவதித் தேதி கடந்துபோனதாக. பல தளங்கள் வழக்கமாக எழுதும் தேதி 1970 ஜனவரி 1, வியாழக்கிழமை. யூனிக்ஸ் கணினிகளின் காலக் கணக்கு தொடங்கும் நாள் அது. செத்துப்போன சரக்கு என்று பார்த்த பிரவுசர் அதைத் தூக்கி எறிகிறது. நீங்கள் வெளியேறும்போது பெரும்பாலும் இப்படி ஒரு பொய்த் தேதி கணினிக்கு வந்துபோகிறது.

இந்த இரண்டில் உயிரானது முதல் வேலை. குக்கியை மட்டும் அழித்துவிட்டுப் பதிவேட்டில் வரியை அப்படியே விட்டுவிட்டால், திரையில் நீங்கள் வெளியேறியது போலத்தான் தெரியும். ஆனால் அந்த எண்ணை முன்பே யாராவது நகலெடுத்திருந்தால் அவர் உள்ளேயே இருப்பார். கவனக்குறைவாகக் கட்டிய தளங்களில் இந்தக் குறை இன்றும் கிடைக்கிறது. பாதுகாப்புச் சோதனையாளர்கள் இதற்கு ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறார்கள்: உள்ளே இருக்கும்போது குக்கியை நகலெடு, வெளியேறு, நகலெடுத்ததை மீண்டும் பிரவுசரில் ஒட்டு, பக்கத்தைத் திற. கணக்கு திறந்தால் அந்தத் தளத்தின் வெளியேறும் பொத்தான் வெறும் அலங்காரம்.

அந்தப் பொத்தானை ஒரு சாதாரண இணைப்பாக வைத்ததிலும் சிக்கல் வந்தது. 2005இல் கூகுள் 'வெப் ஆக்சிலரேட்டர்' என்றொரு மென்பொருளை வெளியிட்டது. வேகத்துக்காக, நீங்கள் சொடுக்கக்கூடும் என்று நினைக்கும் இணைப்புகளை அது முன்கூட்டியே போய்த் திறந்து வைக்கும். 'வெளியேறு' என்பதும் அதற்கு இன்னொரு இணைப்புதானே? 'நீக்கு' என்பதும் அப்படியே. ஆள் ஒன்றும் செய்யாமலே பதிவுகள் அழிந்ததாகப் புகார்கள் வந்தன. எதையேனும் மாற்றும் செயலை வெறும் இணைப்பாக வைக்காதே என்ற பழைய விதியைப் பல நிரலாளர்கள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்கள்.

பதிவேடு வைப்பதே சுமை என்று சிலர் நினைத்தார்கள். கோடிக்கணக்கான பயனர்கள், உலகெங்கும் சர்வர்கள். ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு பொதுப் பதிவேட்டைப் புரட்டுவது நேரம் பிடிக்கும் வேலை. 2015இல் தரப்படுத்தப்பட்ட ஜே.டபிள்யூ.டி என்ற டோக்கன் முறையில் நோட்டுப் புத்தகமே வேண்டாம். டோக்கனுக்குள்ளேயே 'இவர் இன்னார், இந்த நேரம் வரை செல்லும்' என்று எழுதி, கணித முத்திரை குத்திக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தச் சர்வரும் முத்திரையைச் சரிபார்த்து ஆளை உள்ளே விடலாம். அழகான யோசனை. ஆனால் வெளியேறுவது என்று வரும்போது அடி விழுகிறது. நோட்டே இல்லாத ஸ்டாண்டில் எந்த வரியை அடிப்பது? முத்திரை குத்தி வெளியே போன டோக்கன், அதில் எழுதிய நேரம் முடியும்வரை செல்லுபடியாகும். இதைச் சமாளிக்க, அதன் ஆயுளை 5 நிமிடம், 15 நிமிடம் என்று குறுக்குகிறார்கள். தீர்ந்ததும் புதிது வாங்க நீண்ட ஆயுள் கொண்ட இன்னொரு டோக்கன் தருகிறார்கள். அந்த இரண்டாவதைப் பதிவேட்டில் வைக்கிறார்கள். சிலர் செல்லாத டோக்கன்களின் பட்டியல் ஒன்றைத் தனியாக வைக்கிறார்கள். சுற்றி வளைத்துப் பதிவேட்டுக்கே திரும்பிவிட்டோம். வெளியேற்றம் என்ற ஒன்று வேண்டுமானால் யாராவது எங்காவது எழுதி வைத்துத்தான் ஆக வேண்டும். நிரலாளர்கள் இதைப் பற்றி ஓயாமல் சண்டை போடுவார்கள். எனக்குத் தெரிந்தவரை இந்த ஒரு விஷயத்தில் விதிவிலக்கில்லை.

டோக்கன் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் 2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் நடந்தது. உங்கள் பக்கம் மற்றவருக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கும் வசதியில் ஒரு பிழை. அந்த வழியாகத் தாக்குநர்கள் பிறருடைய டோக்கன்களை எடுத்தார்கள். ஒருவருடைய பாஸ்வேர்டும் திருடு போகவில்லை, தேவையும் படவில்லை. அந்த நிறுவனம் சுமார் 5 கோடிக் கணக்குகளின் டோக்கன்களைச் செல்லாததாக்கியது. முன்னெச்சரிக்கையாக இன்னும் 4 கோடி. ஆக 9 கோடிப் பேர் திடீரென்று தங்கள் கணக்குகளுக்கு வெளியே நின்றார்கள். உண்மையில் டோக்கன் பறிபோனது சுமார் 3 கோடிக் கணக்குகளில் என்று பிறகு கணக்கிட்டார்கள். பாஸ்வேர்டை மாற்ற வேண்டியதில்லை என்று அந்த நிறுவனம் சொன்னது பலருக்கு விசித்திரமாகப் பட்டது. இதுவரை படித்தவர்களுக்கு அதில் விசித்திரம் இருக்காது. பறிபோனது டோக்கன், அதை முடக்க அத்தனை பேரையும் வெளியேற்றினால் போதும்.

டோக்கன் சர்வரிலிருந்துதான் பறிபோக வேண்டும் என்பதில்லை. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற நிரலாளர் ஃபயர்ஷீப் என்ற சிறு கருவியை வெளியிட்டார். காபிக் கடையின் பொது வைஃபையில் உட்கார்ந்து அதை ஓடவிட்டால், பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக் கணக்கு ஒரு சொடுக்கில் திறக்கும். காரணம், பாஸ்வேர்டு போகும் பக்கத்தை மட்டும் மறையீடு செய்துவிட்டு, அதற்குப் பிறகு குக்கியைத் திறந்த வழியில் அனுப்பிக்கொண்டிருந்த தளங்கள். அந்தக் குட்டு வெளிப்பட்டதும் தளங்கள் ஒவ்வொன்றாக முழு மறையீட்டுக்கு மாறின. இன்று தள முகவரியின் தொடக்கத்தில் எச்.டி.டி.பி.எஸ் என்று இருப்பதில் ஃபயர்ஷீப்புக்கும் பங்கு உண்டு.

வழியில் பறிப்பது கடினமானதும் திருடர்கள் கணினிக்குள்ளேயே வந்தார்கள். 2023 மார்ச்சில் கனடாவின் 'லைனஸ் டெக் டிப்ஸ்' யூடியூப் சேனல் கைமாறி, கிரிப்டோ மோசடி வீடியோக்களை ஒளிபரப்பியது. விளம்பர ஒப்பந்தம் என்ற பெயரில் வந்த ஒரு கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார்; அது பிரவுசரின் குக்கிகளை மொத்தமாக வாரிக்கொண்டு போனது. கணினித் தொழில்நுட்பத்தையே பேசிப் பிழைக்கும் சேனல் அது. ஓ.டி.பி, இரண்டடுக்குப் பாதுகாப்பு எல்லாம் வாசலோடு சரி. உள்ளே வந்தவரின் டோக்கனை எடுத்தவனிடம் யாரும் ஓ.டி.பி கேட்பதில்லை.

சொந்தக் கணினிதானே, எதற்கு வெளியேற வேண்டும் என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. நீங்கள் முறையாக வெளியேறினால், சர்வரும் முறையாக வரியை அடித்தால், திருடப்பட்ட குக்கி அந்த நொடியே செல்லாக்காசு. வெளியேறாமல் விட்டால் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கலாம். ஒரு குக்கியின் ஆயுள் 400 நாளுக்கு மேல் போகாதபடி குரோம் 2022இல் வரம்பு வைத்தது; அதற்கு முன்பு பல ஆண்டுகளுக்குத் தேதி போட்ட குக்கிகள் சாதாரணம். பிரவுசரை மூடியதும் அழிய வேண்டிய தற்காலிகக் குக்கிகளுக்கும் இன்று உத்தரவாதமில்லை. 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்ற வசதியை இயக்கியிருந்தால், பிரவுசர் அவற்றையும் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தரும்.

ஆனாலும் வீட்டுக் கணினியில் எல்லாக் கணக்கிலிருந்தும் தினமும் வெளியேறு என்று நான் சொல்ல மாட்டேன். அடிக்கடி வெளியேறுபவர் அடிக்கடி பாஸ்வேர்டு அடிக்க வேண்டும். பாஸ்வேர்டு அடிப்பது விரலுக்குப் பழகிவிட்டால், போலிப் பக்கத்திலும் அதே வேகத்தில் அடித்துவிடுவோம். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதில் நியாயமாக இருந்தன: சாதாரணக் கணக்குக்கு 30 நாளுக்கு ஒருமுறை மறுபடி கேட்டால் போதும், அதற்கு மேலான பாதுகாப்பு வேண்டியதற்கு 12 மணி நேரம், அல்லது 30 நிமிடம் சும்மா இருந்தால், உச்சப் பாதுகாப்புக்கு 15 நிமிடம் சும்மா இருந்தாலே வெளியேற்றம். வங்கித் தளம் சில நிமிடங்களில் நம்மைத் துரத்துவதும், மின்னஞ்சல் மாதக்கணக்கில் திறந்து கிடப்பதும் இந்த மாதிரிக் கணக்கினால்தான். வங்கியில் நாமே பொத்தானை அழுத்திவிடுவது நல்லது. மின்னஞ்சலுக்கு, கணினித் திரையைப் பூட்டும் பழக்கமும் வன்தட்டு மறையீடும் இருந்தால் பெரும்பாலும் போதும். ஒரே கணினியை வீட்டில் நாலு பேர் பகிர்ந்தால், ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு வைத்துக்கொள்வது நாலு பேரும் மாறி மாறி வெளியேறிக்கொண்டிருப்பதைவிட உருப்படியானது.

எதிலிருந்து வெளியேறுகிறோம் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. 'கூகுள் மூலம் நுழைக' என்று அழுத்தி ஒரு கடைத் தளத்துக்குள் போகிறீர்கள். வேலை முடிந்து கடையிலிருந்து வெளியேறினால் கூகுள் கணக்கு அப்படியே திறந்திருக்கும். கூகுளிலிருந்து வெளியேறினால் கடைக் கணக்கு திறந்திருக்கும். ஒன்றை அடைத்தால் எல்லாம் அடைபட வேண்டும் என்பதற்குத் தரநிலைகள் இருக்கின்றன. பொதுத் தளங்கள் பெரும்பாலும் அவற்றைச் செயல்படுத்துவதில்லை. 2018 செப்டம்பரில் குரோம் 69 வந்தபோது இன்னொரு முடிச்சு விழுந்தது. ஜிமெயிலுக்குள் நுழைந்தால் பிரவுசரே தானாக அந்தக் கணக்கோடு இணைந்துகொண்டது. எல்லாக் குக்கிகளையும் அழி என்று சொன்னாலும் கூகுளின் உள்நுழைவுக் குக்கிகளை மட்டும் விட்டுவைத்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மறையியல் பேராசிரியர் மேத்யூ கிரீன் இதை வெளிப்படையாகச் சாடினார். அடுத்த பதிப்பிலேயே கூகுள் குக்கி விஷயத்தைத் திருத்தி, தானாக இணைவதை நிறுத்த ஒரு வழியும் வைத்தது.

குக்கியைத் திருடினாலும் பயனில்லாமல் செய்ய வழி தேடுகிறார்கள். 2024 ஏப்ரலில் கூகுள் முன்வைத்த திட்டத்தில், உள்ளே நுழையும்போது உங்கள் கணினியின் பாதுகாப்புச் சில்லு ஒரு ரகசியச் சாவியை உருவாக்கும். அது அந்தச் சில்லைவிட்டு வெளியே வராது. குக்கிக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். புதுப்பிக்க வேண்டுமானால் அந்தச் சாவி இருப்பதை நிரூபிக்க வேண்டும். வேறு கணினிக்குக் கொண்டுபோன குக்கி அங்கே தானாகச் சாகும்.

அந்த முறை எல்லா இடத்துக்கும் பரவும்வரை நம் கையிலுள்ள நல்ல ஆயுதம் தொலைவிலிருந்து வெளியேறுவது. பதிவேடு சர்வரிடம் இருப்பதால்தான் இது சாத்தியம். வேறு ஊரில், வேறு கணினியில் கிடக்கும் குக்கியைத் தொடவே வேண்டாம். இங்கிருந்தே வரியை அடித்துவிட்டால் அது வெற்று எழுத்துத்தான். ஜிமெயில் 2008 ஜூலையில் இந்த வசதியைத் தந்தது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் கணக்கைத் திறந்தபடி விட்டுவிட்டு, பஸ்ஸில் ஏறிய பிறகு நினைவுக்கு வந்து பதறியவர்கள் ஏராளமாக இருந்த காலம் அது. இன்று அந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஆதார் நகலோ ஹால் டிக்கெட்டோ பிரிண்ட் எடுக்கக் கடைக் கணினியில் மெயிலைத் திறக்கிறோம். பின்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள் என்ற அவசரத்தில் வெளியேறாமல் வந்துவிடுகிறோம். வாட்ஸ்அப்பைக் கணினியில் இணைத்தால் அதுவும் அப்படியே. உங்கள் போனை 14 நாளுக்கு மேல் பயன்படுத்தாமல் இருந்தால் அந்த இணைப்பு தானாக அறும். போனைத் தினமும் பயன்படுத்துகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு வேலைக்காகாது.

இந்த அத்தியாயத்தை முடித்ததும் கூகுள் கணக்கில் 'பாதுகாப்பு' பகுதிக்குப் போய் 'உங்கள் சாதனங்கள்' பட்டியலைத் திறந்து பாருங்கள். போன வருஷம் விற்ற போன், வேலையை விட்டு வந்த அலுவலகத்தின் கணினி, பெயரே நினைவில்லாத ஊரில் ஒரு விண்டோஸ் என்று ஏதாவது இருக்கும். ஒவ்வொன்றையும் தொட்டு வெளியேற்றுங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.